செடிக்கு நாற்றங்கால் உண்டு, பிள்ளைக்கு இல்லையா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பாலர் பள்ளி வேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: "பிள்ளைகள் போதாது!" இந்த இரண்டு வார்த்தையை மந்திரம்போல் ஓதிவிட்டு, கல்வி அதிகாரிகள் ஒரு பக்கமும் தோட்ட நிருவாகங்கள் மறுபக்கமும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் போதாதாம், ஆகையால் வகுப்பு இல்லையாம். வகுப்பு இல்லை, ஆகையால் ஆசிரியை இல்லையாம். தோழர்களே, இது தலைகீழ்க் கணக்கு! ஆசிரியை இல்லாத இடத்தில் பிள்ளை எப்படித் தங்கும்? பிள்ளை தங்காத தோட்டத்தில் குடும்பம் எப்படித் தங்கும்?

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதுவது நம் தொழில். ஒரு பெயர் தவறினாலும், ஒரு காசு குறைந்தாலும் நம்மைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஆகையால் துரைமாரும் அதிகாரிகளும் சொல்லும் இந்தக் கணக்கையும் வரிவரியாகச் சரிபார்த்துவிடுவோம். பால்மரக் காட்டில் இருக்கும் தோழர்கள், "தேயிலை மலையின் சங்கதி நமக்கெதற்கு?" என்று ஏட்டைப் புரட்டிவிட வேண்டாம். மலையில் இன்று நடப்பது சமவெளியில் நேற்றே நடந்துவிட்டது. சுதந்திரம் வந்த 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 520 சொச்சம். அவற்றிலும் பாதிக்கு மேற்பட்டவை 150 மாணவர்கூட இல்லாத பள்ளிகள். மூடப்பட்டவற்றில் மிகப் பல நம் பால்மரத் தோட்டங்களில் இருந்தவை அல்லவா?

எண்ணிக்கையைக் குறைத்தது யார்?

கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்கியது. 1933இல் பாரத் தேயிலை வந்தது. மலைச் சரிவிலே காட்டை வெட்டி, பாதை போட்டு, கன்று நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதியினர் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குடும்பம் வந்ததால் பிள்ளை வந்தது. பிள்ளை வந்ததால் பள்ளி வந்தது. தானா ராத்தா, ரிங்லெட், போ தோட்டத்தின் இரண்டு பள்ளிகள், சுங்கை பாலாஸ், புளூ வேலி, சும் இப் லியோங் என்று மலைமீது தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. பெயர்களைப் பாருங்கள்: பாதிக்கு மேல் தோட்டத்தின் பெயர்கள்!

பிறகு என்ன நடந்தது? விரலால் கொழுந்து கிள்ளிய இடத்தில் கத்தரி வந்தது; அதன்பின் இருவர் இரு பக்கமும் பிடித்து இழுத்துச் செல்லும் இயந்திரம் வந்தது. பத்துப் பெண்கள் கூடையோடு நின்ற வரிசையில் இரண்டு ஆண்கள் போதும் என்றாயிற்று. அந்த ஆண்களையும் கடல்கடந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். அவர்கள் கையிலுள்ள அனுமதிச் சீட்டில் உழைக்கும் உடலுக்கு இடம் உண்டு. மனைவிக்கு இடமில்லை, மக்களுக்கு இடமில்லை.

அந்தத் தோழர்களை நாம் குறை கூறவில்லை. கூறவும் கூடாது. தங்கள் பிள்ளைகளை வங்காள தேசத்திலும் நேப்பாளத்திலும் இந்தோனேசியாவிலும் விட்டுவிட்டு, இங்கே குளிரில் நடுங்கி உழைக்கும் அவர்களும் நம்மைப்போல் பாட்டாளிகளே. நம் பாட்டன்மார் அனுபவித்ததைவிட ஒரு துயரம் அவர்களுக்குக் கூடுதல்: பெற்ற பிள்ளையின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாத துயரம். நாம் குறை கூறுவது அந்த ஏற்பாட்டை! பிள்ளையோடு வராத உழைப்பாளியாகத் தேடித் தேடிச் சேர்த்துவிட்டு, "அடடா, தோட்டத்தில் பிள்ளை இல்லையே!" என்று கையை விரிப்பது என்ன நியாயம்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று நம் கிழவிகள் சொன்னது இதைத்தான்.

நடுவில் ஒரு பள்ளம்

சட்டங்களைப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அது வெள்ளைக்காரன் போட்ட சட்டம், அரைகுறைச் சட்டம், நடத்தியதும் அரைகுறையாகத்தான். ஆனால் பத்துப் பேர் போதும் என்று சொல்லும் நெஞ்சு அதற்கு இருந்தது! ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை? அது ஆயாக் கொட்டகையைச் சேர்ந்தது. தூளி, ஒரு கிழவி, ஒரு குவளைப் பால். அவ்வளவுதான்.

சுதந்திர நாட்டில் சட்டங்கள் வளர்ந்தன. 1984இல் குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கான சட்டம் வந்தது. அது நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியையும் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. அது நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு. தாளில் பார்த்தால் இடைவெளியே இல்லை. தோட்டத்தில் பார்த்தால்? நிருவாகம், "எங்கள் கடமை ஆயாக் கொட்டகையோடு முடிந்தது, படிப்பு அரசாங்கத்தின் பொறுப்பு" என்கிறது. அதிகாரி, "தொகை சேரட்டும், பார்க்கலாம்" என்கிறார். இந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விழுந்து கிடப்பது நம் நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளை. அதற்கு ஆயாவும் இல்லை, ஆசிரியையும் இல்லை. லயத்து வாசலில் மூக்கொழுகிக்கொண்டு நிற்கிறது.

கணக்கைச் சரியாகப் போடுங்கள்

உதாரணத்துக்கு ஒரு தோட்டம். நான்கு, ஐந்து, ஆறு வயதுகளில் வயதுக்கு நான்கு பேராகப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பா?" என்று கைவிட்டுவிடுகிறார்கள். என்ன ஆகும்? வண்டி வசதியுள்ள நான்கு பிள்ளைகளைப் பெற்றோர் தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ கொண்டுபோய்ப் பாலர் வகுப்பில் சேர்ப்பார்கள். இரண்டு பிள்ளைகளின் குடும்பம், "இங்கே இருந்தால் இவர்கள் உருப்படமாட்டார்கள்" என்று ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ பெயர்ந்துவிடும். மிச்சம் ஆறு பேர் வீட்டில்.

டவுனுக்குப் போன பிள்ளை முதலாம் ஆண்டுக்குத் தோட்டப் பள்ளிக்குத் திரும்பி வருமா? வராது. அங்கேயே நண்பர்கள், அங்கேயே ஆசிரியர், அங்கேயே மொழி. ஆக, ஆண்டுக்கு நான்கு பேர் சேரவேண்டிய தோட்டப் பள்ளியில் இரண்டு பேர் சேர்வார்கள். ஆறாண்டுப் படிப்பில் 24 பேர் இருக்கவேண்டிய பள்ளியில் 12 பேர் இருப்பார்கள். அப்போது அதே அதிகாரி வருவார், பதிவேட்டைப் புரட்டுவார், "பார்த்தீர்களா? நாங்கள் அன்றைக்கே சொன்னோம், பிள்ளைகள் போதாது" என்பார்! தலைமடையை அடைத்தவனே கடைமடையில் நின்று தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதுவதை எங்கேயாவது கண்டதுண்டா?

தொகை குறைந்தால் வகுப்பு நடத்த முடியாது என்பதாவது உண்மையா? கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகள் வரை சேர்க்கலாம். ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். 25 என்பது உச்ச வரம்பு, தோழர்களே. அதற்குக் குறைந்தால் பாவம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆரம்பப் பள்ளியில் மாணவர் தொகை 30ஐத் தாண்டாவிட்டால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் சேர்த்து நடத்தும் கூட்டு வகுப்பு முறையை அதே அமைச்சுதான் வைத்திருக்கிறது. வாய்ப்பாடும் இலக்கணமும் படிக்கும் பெரிய பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்கலாம். மண்ணில் வீடு கட்டி விளையாடும் நான்கு வயதையும் ஆறு வயதையும் சேர்த்து உட்காரவைக்கக் கூடாதா? பாலர் வகுப்பில் வயது கலந்திருப்பதுதான் நல்லது என்று கண்டு, மூன்று முதல் ஆறு வரை ஒரே அறையில் வைத்த மேதை மரியா மாண்டிசோரி. பெரியது சின்னதற்குச் சொல்லிக்கொடுக்கும். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்கும். நம் லயத்தில் தினமும் நடப்பதும் அதுதானே!

இந்தியாவில் 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் விதியையும் பாருங்கள். சமவெளியில் 400 பேர் வாழும் இடத்துக்கு ஓர் அங்கன்வாடி என்றால், மலைப் பகுதியில் 300 பேருக்கே ஒன்று. 150 பேர் உள்ள சின்னஞ்சிறு குடியிருப்புக்கும் குறு அங்கன்வாடி உண்டு. மலையில் பாதை கடினம், பிள்ளையின் கால் சிறிது. ஆகையால் தொகையைக் குறைத்துக்கொள் என்கிறது விதி. நம் அதிகாரிகளோ சமவெளிக் கோலை எடுத்துக்கொண்டு மலையை அளக்க வருகிறார்கள்!

பணக்காரன் பிள்ளைக்கு உரிய ஆடம்பரமா?

"உழைக்கிறவன் பிள்ளைக்கு நான்கு வயதில் பள்ளி எதற்கு? ஆடம்பரம்!" என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மவரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்வோம்.

ஸ்காட்லாந்திலே நியூ லானார்க் என்னும் ஊர். பஞ்சாலைத் தொழிலாளர் குடியிருப்பு. அங்கே 1816இல் ராபர்ட் ஓவன் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். அடியில்லை, வசையில்லை, பாட்டு, ஆட்டம், படம், பொருள்களைக் காட்டிப் பாடம். ஓவன் யார்? அந்த ஆலையை நடத்திய முதலாளி! மாண்டிசோரி அம்மையார் முதல் பள்ளியைத் திறந்தது 1907இல். ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழை உழைப்பாளர் பேட்டையில். தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் தனியே விடப்பட்ட பிள்ளைகளுக்காகத் திறந்தது. அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பது நமக்குப் பெருமை. ஆக, பாலர் பள்ளி மாளிகையிலிருந்து நம்மிடம் இரங்கி வந்த பிச்சையல்ல. உழைப்பாளி குடியிருப்பில் பிறந்த அதை, பிறகுதான் பணக்காரன் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனான். நம் பொருளை நாம் திருப்பிக் கேட்கிறோம்!

இலங்கை மலையகத்தில் 1992இல் அரசாங்கம், தோட்டக் கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்து உட்காரும் ஒரு நிதியம் அமைந்தது. தோட்டத்துச் சிறுவர் மையங்களும் அவற்றில் பணிபுரிவோரின் பயிற்சியும் அதன் கவனத்தில் உள்ளன. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. நாதியற்ற நிலை என்று நாம் அனுதாபப்படும் அந்த மலையில் மூவரும் ஒரே மேசையில் உட்கார முடிந்தது. இந்த மலையில் ஏன் முடியாது?

மிச்சம் மீதிக்குத்தானா ஆசிரியை வேலை?

இனி ஆள் அமர்த்தும் சங்கதிக்கு வருவோம். நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பழைய காலத் தோட்டப் பள்ளியில் பாடம் சொன்னது யார்? பல இடங்களில் கங்காணி. சில இடங்களில் நம்மைப்போன்ற கிராணி. ஆபீசு வேலை போக மிஞ்சிய நேரத்தில் வாத்தியார் வேலை. ஆயாக் கொட்டகையில்? முதுகு வளைந்து, கூடை தூக்க முடியாமல் போன கிழவி. அந்தத் தாய்மாரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அவர்கள் மடியில் வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் நிருவாகத்தின் எண்ணத்தைப் பாருங்கள்: வேறு எதற்கும் ஆகாத ஆள் பிள்ளைக்குப் போதும், வேறு எதற்கும் ஆகாத நேரம் படிப்புக்குப் போதும்!

இந்த எண்ணம் இன்னும் சாகவில்லை. மலைமேல் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு பெண் ஒன்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவந்தாள். சம்பளம்? பெற்றோர் மாதாமாதம் சேர்த்துக்கொடுக்கும் சந்தா. மழை பிடித்து வேலை குறைந்த மாதம் சந்தாவும் குறையும். சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, நோய் விடுப்பு இல்லை. பிள்ளைகள் அவள்மேல் உயிராக இருந்தார்கள். ஆனால் உயிரை வைத்து அரிசி வாங்க முடியுமா? டவுனில் காய்கறிக் கடையில் நிலையான சம்பளத்துக்கு வேலை கிடைத்தது, போய்விட்டாள். வகுப்பு நின்றது. பிறகு நாம் விசாரித்தபோது கிடைத்த பதில்: "பிள்ளைகள் போதாமையால் நிறுத்தப்பட்டது." தோழர்களே, ஒன்பது பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள்! போதாமற் போனது சம்பளம். ஏட்டில் ஏறியதோ பிள்ளைகளின் தலைமேல் பழி!

இதை ஊன்றிக் கவனியுங்கள். ஆசிரியைக்குச் சோறு போடாத குற்றத்தைப் பிள்ளையின் கணக்கில் எழுதுகிறார்கள். நம் ஆபீசில் இப்படி ஒரு வரி எழுதினால் பொய்க் கணக்கு என்று நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்!

இன்று இந்நாட்டில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. தேயிலை கழிக்கிறவருக்கும் மூட்டை தூக்கிறவருக்கும் அந்தச் சட்டம் உண்டு. அவர்கள் பெற்ற பிள்ளையை மனிதனாக்குகிறவளுக்குச் சந்தாத் தட்டா? நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பு மையத்துக்கு அரசாங்க விதியே ஆள் தொகையைச் சொல்கிறது: ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒருவர், மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் பத்துப் பேருக்கு ஒருவர். பிள்ளை சிறுத்தால் ஆள் கூட வேண்டும் என்பதே இதன் பொருள். தோட்டத்து வழக்கமோ நேர்மாறு: பிள்ளை சிறுத்தால் ஆளும் குறையலாம், கூலியும் குறையலாம்!

துரைமாரிடம் ஒன்று கேட்கிறோம். புதுக் கன்று நடவேண்டுமென்றால் என்ன செய்கிறீர்கள்? நாற்றங்கால் போடுகிறீர்கள். நிழல் கட்டுகிறீர்கள், தண்ணீர் விடுகிறீர்கள், பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறீர்கள். தேயிலைக் கன்று கொழுந்து கொடுக்க மூன்று நான்கு ஆண்டு. பால்மரக் கன்று பால் கொடுக்க ஐந்தாறு ஆண்டு. அதுவரை ஒரு காசு வரவில்லை. "கன்று போதாது, ஆகையால் நாற்றங்காலுக்கு ஆள் வேண்டாம்" என்று எந்தத் துரையாவது சொன்னதுண்டா? கன்று குறைந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்பீர்கள்! செடிக்குக் காட்டும் பொறுமையில் பாதியைச் செடியைக் காப்பாற்றுகிறவன் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா?

பெற்றோர் மேல் பழி வேண்டாம்

"உங்கள் ஆட்களுக்கே அக்கறையில்லை, டவுன் பக்கத்தில்தானே இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்கட்டுமே" என்பது அடுத்த பல்லவி. பக்கமாம்! வரைபடத்தில் பக்கம். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய வளைவுப் பாதை, மழைக்காலத்தில் மண் சரிவு, விடியலில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. நான்கு வயதுப் பிள்ளையை இருட்டில் எழுப்பி, அந்தப் பாதையில் அனுப்பிவிட்டுத் தாய் பெரட்டுக்கு நிற்கவேண்டும். வண்டிக் கூலி வேறு. இத்தனைக்கும் துணிந்து அனுப்புகிற தாய்மார் உண்டு. அதுவே அக்கறைக்குச் சாட்சி. அனுப்ப முடியாதவளை அக்கறையற்றவள் என்பது பட்டினி கிடப்பவனை விரதம் இருக்கிறான் என்பது போன்றது.

நம்மவருக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு வரி போட்டால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடுகிறது. நல்லது, சாமிக்குச் செய்யுங்கள். ஆனால் கோயில் மண்டபம் ஆண்டில் பத்து நாள் போக மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறதே, அதன் கதவைக் காலையில் நான்கு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்?

நாம் கேட்பது

ஒன்று: நான்கு முதல் ஆறு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருக்கும் ஒவ்வொரு மலைத் தோட்டத்திலும், அல்லது அருகருகே உள்ள இரண்டு மூன்று தோட்டங்களுக்குச் சேர்த்து, ஒரு பாலர் வகுப்பு. 1923இல் பள்ளிக்குப் போதுமானதாக இருந்த பத்து இன்றைக்கு ஏன் போதாது?

இரண்டு: ஆசிரியை முதலில், எண்ணிக்கை பிறகு. வகுப்பைத் திறந்து மூன்றாண்டு நடத்திப் பார்க்காமல் "போதாது" என்று யாரும் எழுதக் கூடாது.

மூன்று: பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். தோட்டத்துப் பெண்களில் படித்தவர்களையே தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பலாம். சம்பளம் சட்டப்படி, சேமநிதியும் சொக்சோவும் உண்டு. சந்தாத் தட்டு ஒழியட்டும்.

நான்கு: கட்டடமும் தண்ணீரும் மின்சாரமும் தோட்ட நிருவாகம் தரட்டும், ஆசிரியரும் பாடமும் சத்துணவும் அரசாங்கம் தரட்டும், மேற்பார்வையில் சங்கத்துக்கு ஓர் இடம் இருக்கட்டும். எந்த இனத் தொழிலாளியின் பிள்ளை வந்தாலும் கதவு திறந்திருக்கட்டும்.

ஐந்து: இனி ஒரு பாலர் வகுப்பு மூடப்படுமானால் உண்மைக் காரணம் ஏட்டில் ஏறட்டும். சம்பளம் போதாமையால் மூடியதைப் பிள்ளை போதாமையால் மூடியது என்று எழுதும் பொய் ஒழியட்டும்.

கிளைத் தலைவர்களே, செயலாளர்களே! கோரிக்கை எழுதி அனுப்பிவிட்டுக் கைகட்டிக் காத்திருந்தால் காரியம் ஆகாது. வரும் மாதக் கூட்டத்துக்குள் ஒரு வேலை செய்யுங்கள். மலையானாலும் சரி, பால்மரக் காடானாலும் சரி, செம்பனையானாலும் சரி, லயம் லயமாகப் போய் ஆறு வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும், பிறந்த தேதியையும், காலையில் அதைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிருவாகத்திடமும் மாவட்டக் கல்வி இலாகாவிடமும் போங்கள். உழைக்கிறவனுக்குச் செக்ரோல் வைத்திருக்கிறது தோட்டம். பிள்ளைக்கு நாம் வைப்போம்! அந்தப் பட்டியலில் பெயரும் வயதும் எழுதிய பிறகு, "பிள்ளைகள் போதாது" என்று எவர் சொல்வார், பார்ப்போம்!